கொஃபுனைக் காலால் பார்ப்பது: கிபிச் சமவெளியில் ஒரு சைக்கிள் நாள்

ஜப்பானின் பழங்காலப் புதைமேடான கொஃபுனை இணையத்தில் தேடினால் வருகிற படங்கள் பெரும்பாலும் வானத்திலிருந்து எடுத்தவை. பச்சைப் பசேலென்று ஒரு பெரிய சாவித்துவாரம், சுற்றிலும் அகழி, அகழியை ஒட்டி வீடுகள். அந்தப் படத்தை நம்பி நேரில் போய் நின்றால் கண்ணுக்குத் தெரிவது ஒரு வேலி, கொஞ்சம் தண்ணீர், அதற்கப்பால் மரங்கள். நானும் முதலில் ஒஸாகாவுக்குத் தெற்கே ஸகாய் நகருக்குப் போய், ஜப்பானிலேயே பெரியதான தைசென் கொஃபுனைச் சுற்றி நடந்து, வேலியைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அரைக் கிலோமீட்டர் நீளம், 2019 முதல் யுனெஸ்கோ பட்டியலில் வேறு இருக்கிறது. ஆனால் அரச குடும்பத்துக் கல்லறை என்று அரண்மனை நிர்வாகத் துறையின் பொறுப்பில் இருப்பதால் உள்ளே கால்வைக்க முடியாது.

புதிதாகப் போகிறவர்கள் அங்கே தொடங்க வேண்டாம் என்பேன். ஏறிப் பார்க்கக்கூடிய மேட்டில் தொடங்குங்கள். அதற்கு ஒகயாமா மாகாணத்தின் கிபிச் சமவெளியைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியாது. (கிபி என்பது ஊர்ப்பெயர். கி.பி. 5ஆம் நூற்றாண்டுக் கிபி என்று எழுதும்போதெல்லாம் எனக்கே ஒரு கணம் தடுக்கிவிடுகிறது.) வயல்களுக்கு நடுவே சைக்கிள் பாதை, பாதையோரம் ஒன்றன்பின் ஒன்றாகப் புதைமேடுகள், ஒரு முனையில் வண்டியை எடுத்து இன்னொரு முனையில் விட்டுவிடலாம். ஒரு நாள் போதும்.

போவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது

கொஃபுன் என்றால் பழங்கல்லறை. கி.பி. 3ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 7ஆம் நூற்றாண்டு வரை, ஊரை ஆண்டவர்களைப் புதைத்து மேலே மண்மேடு எழுப்பினார்கள். நாடு முழுக்க ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. பெரும்பாலானவை வெறும் வட்ட மேடுகள். சதுர மேடுகளும் உண்டு. பெரிய ஆட்களுக்குத்தான் அந்தச் சாவித்துவார வடிவம். அதை ஜப்பானியர்கள் 'முன் சதுரம், பின் வட்டம்' என்ற பொருளில் ஸென்போகோஎன் என்கிறார்கள். இந்தச் சொல்லை உண்டாக்கியவர் ஜப்பானின் எடோ காலத்து (17-19ஆம் நூற்றாண்டு) அறிஞர் கமோ குன்பெய். எது முன், எது பின் என்பது அவர் வைத்த கணக்கு. கட்டியவர்கள் எந்தப் பக்கத்தை முன்பக்கமாக நினைத்தார்களோ! நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: முக்கியமான சவம் பெரும்பாலும் வட்டப் பகுதிக்குள் இருக்கும்.

இன்னொரு சொல் ஹனிவா. மேட்டின் விளிம்புகளில் வரிசையாக நட்டுவைத்த சுடுமண் உருளைகள். பிற்பாடு வீடு, குதிரை, ஆள் உருவங்களும் வந்தன. இந்த உருளைகளுக்கு மூதாதை கிபியில்தான் பிறந்தது. கொஃபுன் காலத்துக்கு முன்பே இங்கே ஈமச்சடங்குக்குப் பெரிய சாடித்தாங்கிகளைச் செய்தார்கள். அவைதான் படிப்படியாக ஹனிவா ஆயின.

எப்போது போவது

குளிர்காலம். டிசம்பரிலிருந்து மார்ச் வரை புல் காய்ந்து, இலை உதிர்ந்து, மேட்டின் உருவம் தெளிவாகத் தெரியும். பூவும் வேண்டும் என்பவர்கள் ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் போகலாம். வயல்களில் பசுந்தாள் உரத்துக்காக விதைக்கும் ரெங்கே பூ இளஞ்சிவப்பாக விரிந்திருக்கும். அக்டோபரில் நெல் அறுவடை நடக்கும், அதுவும் அழகு.

ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் வரை தவிர்த்துவிடுங்கள். முதலில் மழை, பிறகு நம் ஊர்க் கத்திரி வெயிலை நினைவூட்டும் புழுக்கம், இடுப்பளவு புல். புல்லுக்குள் மாமுஷி என்ற விரியன் இருக்கலாம். கோடைக் கடைசியில் பெரிய குளவிகள் வேறு. எந்தக் காலமானாலும் முழுக்கால்சட்டையும் மூடிய ஷூவும் போட்டுக்கொள்ளுங்கள். செருப்போடு ஏற வேண்டாம்.

வண்டி பிடிப்பது

ஷின் ஒஸாகாவிலிருந்து ஷிங்கன்ஸென் என்ற புல்லட் ரயிலில் ஒகயாமா முக்கால் மணி நேரத்தில் வந்துவிடும். தோக்கியோவிலிருந்து மூன்றே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே முந்தின இரவே ஒகயாமாவில் தங்கிவிடுவது நல்லது. அங்கே கிபி லைன் ரயிலுக்கு மாறவேண்டும். நிலையத்தில் 'மொமொதாரோ லைன்' என்ற செல்லப்பெயரிலும் எழுதியிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். டீசலில் ஓடும் சின்ன வண்டி, அடிக்கடி வராது. கிளம்பும் நேரத்தை முதல் நாளே பார்த்து வையுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் பிஸென் இச்சினோமியா நிலையம். இறங்கியதும் நிலையத்துக்குப் பக்கத்திலேயே வாடகை சைக்கிள் கடை.

கடையில் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். ஒன்று, வண்டியைப் பாதையின் மறுமுனையில் உள்ள ஸோஜா நிலையத்தில் விடப்போகிறேன் என்பது. இரண்டு, எத்தனை மணிக்குள் விடவேண்டும் என்று கேட்டு, அந்த நேரத்தைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்வது. மாலையிலேயே மூடிவிடுவார்கள். கொட்டும் மழையென்றால் கடை திறக்காமலும் போகலாம். வாடகையை ரொக்கமாகக் கையில் வைத்திருங்கள். கியர் இல்லாத, முன்னால் கூடை வைத்த வீட்டுச் சைக்கிள்தான் கிடைக்கும், அது போதும். மொத்தம் பதினைந்து கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், ஏறக்குறைய எல்லாமே சமதரை. நின்று நின்று போனால் ஆறு மணி நேரம். காலை ஒன்பதரைக்குள் மிதிக்கத் தொடங்கிவிடுங்கள்.

முதல் ஒரு மணி நேரம்

பாதை தொடங்கும் இடத்திலேயே கிபிட்சுஹிகோ கோயில். அதைத் தாண்டி, மலையின் மறுபக்கத்தில் கிபிட்சு கோயில். பெயர் குழப்பும், இரண்டும் வேறு வேறு. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் கிபிட்சு. 1425இல் திரும்பக் கட்டிய மூலக்கோயிலும், சரிவில் முந்நூறு மீட்டருக்கு மேல் இறங்கிப்போகும் மரக்கூரை நடையும் இருக்கின்றன. உரா என்ற அரக்கனை இளவரசன் கிபிட்சுஹிகோ கொன்ற கதை இந்த ஊருக்குரியது. அரக்கனின் தலையைக் கோயில் அடுப்புக்கு அடியில் புதைத்ததாகவும், அடுப்பிலிருக்கும் பானை ஒலிப்பதை வைத்து இன்றும் குறி கேட்பதாகவும் சொல்கிறார்கள். ஜப்பானியக் குழந்தைகளுக்கெல்லாம் தெரிந்த மொமொதாரோ கதைக்கு இதுவே வேர் என்பது ஒகயாமாக்காரர்களின் பெருமை.

இரண்டு கோயிலுக்கும் இடையே உள்ள மலைமேல் நூறு மீட்டரைத் தாண்டும் ஒரு சாவித்துவாரக் கொஃபுன் இருக்கிறது. அந்த இளவரசனின் கல்லறை என்று அரண்மனைத் துறை வேலி போட்டு வைத்திருக்கிறது. ஏறிப் போனால் மறுபடியும் வேலிதான். நான் போகச் சொல்லமாட்டேன்.

'சுகுரியாமா' என்று மட்டும் சொல்லாதீர்கள்

இந்த நாளின் மையம் சுகுரியாமா கொஃபுன். அங்கே போவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. பாதையில் சுகுரியாமா என்ற பெயரில் இரண்டு பெரிய கொஃபுன்கள் இருக்கின்றன. எழுத்து வேறு, உச்சரிப்பு ஒன்றே. இரண்டுக்கும் 'ஆக்கிய மலை' என்றுதான் பொருள், அதாவது ஆள் கட்டிய குன்று. அதனால் உள்ளூர்க்காரர்கள் பெரியதை ஸோஸான் என்றும், ஸோஜா பக்கம் இருப்பதைச் சகுஸான் என்றும் வேறு ஒலியில் படித்துப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒரு முறை டாக்ஸியில் ஏறி வெறுமனே சுகுரியாமா என்று சொல்லிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தேன். இறங்கிய இடம் மற்றது. ஓட்டுநர் மேல் தப்பே இல்லை. இரண்டின் பெயர்ப்பலகைப் படத்தையும் தொலைபேசியில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸோஸானில் ஏறுவது

இங்கே அவசரப்பட வேண்டாம். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

350 மீட்டர் நீளம், முப்பது மீட்டர் அளவுக்கு உயரம், 5ஆம் நூற்றாண்டின் முதற்பாதி. நாட்டிலேயே நான்காவது பெரியது. இதைவிடப் பெரிய மூன்றும் ஒஸாகா பக்கம் வேலிக்குள் இருக்கின்றன. ஆகவே யாரும் ஏறக்கூடிய கொஃபுன்களில் இதுதான் முதலாவது. கட்டணமில்லை, வாசல் கதவில்லை. அடிவாரத்தில் வண்டி நிறுத்துமிடம், கழிப்பறை, 2020இல் திறந்த ஒரு சிறிய தகவல் மையம். அங்கே வரைபடத் தாள் கிடைத்தால் எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

உடனே ஏறாதீர்கள். முதலில் வயல் பக்கம் இருநூறு முந்நூறு மீட்டர் விலகிப்போய்ப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். படுத்திருக்கும் காளையின் முதுகு மாதிரி ஒரு கோடு தெரியும். உயர்ந்த திமில்தான் வட்டப் பகுதி. நீண்டு போய் முடிகிற முதுகு சதுரப் பகுதி. இரண்டுக்கும் நடுவே ஒரு தாழ்வு இருக்கிறதே, அதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் இடுப்பு. மேலே ஏறியபின் நீங்கள் தேடப்போவது அதைத்தான்.

இப்போது ஏறுங்கள். சதுரப் பகுதியின் மேல் ஒரு சின்னக் கோயில். அதன் அருகே தொட்டி போல ஒரு கல் கிடக்கும். பலர் கைகழுவும் தொட்டி என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். அது ஈமப்பேழை, ஒரே கல்லைக் குடைந்து செய்தது. கல் இந்த ஊர்க் கல் இல்லை. கியூஷூ தீவில் உள்ள அஸோ எரிமலையின் கல். கடல் வழியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். இவ்வளவு பெரிய மேட்டைக் கட்டியவர்களின் கை எதுவரை நீண்டிருந்தது என்பதற்கு இந்தத் தொட்டிதான் சாட்சி. அந்தக் காலத்தில் கடலும் இன்றைக்கு இருப்பதைவிட உள்ளே வந்திருந்தது. இப்போது வயலாகத் தெரியும் தெற்குப் பகுதியில் பெருமளவு பிற்காலத்தில் மீட்ட நிலம்.

கோயிலிலிருந்து வட்டப் பகுதியை நோக்கி நடங்கள். தரை இறங்கி, மறுபடி ஏறத் தொடங்கும். இறங்கி முடிந்த இடத்தில் நில்லுங்கள். நீங்கள் தேடிய இடுப்பு இதுதான். இடதும் வலதும் எட்டிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சரிவு உள்வாங்குவது தெரியும். வானத்துப் படத்தில் பார்த்த சாவித்துவாரத்தின் கழுத்தில் நிற்கிறீர்கள். எனக்கு இது பிடிபட இரண்டு தடவை ஏற வேண்டியிருந்தது. முதல் தடவை உச்சியில் நின்றுகொண்டு கொஃபுன் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன்!

அடுத்தது அடுக்குகள். மேடு மூன்று அடுக்காகக் கட்டப்பட்டது. சரிவில் குறுக்காகப் பார்த்தால், வரப்பு போல ஓரிடத்தில் சமதளம் ஓடும். அதற்கு மேல் மறுபடி சரிவு. அந்தச் சமதளத்தில்தான் ஹனிவா உருளைகள் வரிசையாக நின்றன. சரிவில் முஷ்டி அளவுக் கற்கள் துருத்திக்கொண்டிருந்தால் அவற்றையும் கவனியுங்கள். இன்றைக்கு மரமும் புல்லுமாக இருக்கும் இந்தச் சரிவு முழுக்கக் கல் பாவியிருந்தது. கட்டிய புதிதில் இது பச்சைக் குன்றே இல்லை. வெயிலில் வெளுத்து நின்ற கல்மலை.

வட்டப் பகுதியின் உச்சி வழக்கத்துக்கு மாறாகத் தட்டையாக இருக்கும், ஓரங்களில் மண்கரை தெரியும். அது கொஃபுன் காலத்து வேலை இல்லை. 1582இல் போர்த்தலைவன் ஹிதெயோஷியின் படை பக்கத்தில் உள்ள தகமத்சு கோட்டையை வெள்ளம் தேக்கி முற்றுகையிட்டபோது, எதிர்த்த மோரி படை இந்த மேட்டைப் பாசறையாக்கிக்கொண்டது. ஆகவே கண்ணில் படும் மேடுபள்ளம் எல்லாவற்றையும் 5ஆம் நூற்றாண்டுக் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

இறங்கும்போது ஒரு வேலை செய்யுங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அடி எண்ணிக்கொண்டே வாருங்கள். எனக்கு ஐந்நூறுக்கு மேல் வந்தது. முந்நூற்றைம்பது மீட்டர் என்று படித்தபோது உறைக்காத அளவு அப்போதுதான் உறைத்தது.

மேட்டின் தென்மேற்கே ஆறு சிறு கொஃபுன்கள் துணைக்கு நிற்கின்றன. முதலாவதான சகாகியாமாவில் குதிரை வடிவ வெண்கலக் கச்சைக்கொளுவி கிடைத்ததாகச் சொல்கிறார்கள். கொரியத் தீபகற்பத்திலிருந்து வந்த பொருள். ஐந்தாவதான சென்ஸொகுவின் கல்லறை கியூஷூ பாணியில் கட்டியது. நேர்கோடும் வளைகோடும் பின்னிய செதுக்கல் உள்ள பலகைக்கல் அதற்குள் இருந்தது. கால் வலிக்காவிட்டால் இந்த இரண்டையும் பாருங்கள், மற்றவற்றை விட்டுவிடலாம்.

மேட்டில் நடந்துகொள்ளும் முறை

ஓட்டுத்துண்டு கண்ணில் படும். மழைக்குப் பிறகு நிச்சயம் படும். செங்கல் நிறத்தில், லேசான கோடு போட்ட துண்டென்றால் அது ஹனிவாவாக இருக்கலாம். எடுக்காதீர்கள். புரட்டிப் பார்க்கவும் வேண்டாம். அது கிடக்கும் இடமும் ஆய்வாளர்களுக்குத் தகவல்தான்.

ஸோஸானின் அடிவாரத்தில் வீடுகள், காய்கறித் தோட்டங்கள் எல்லாம் இருக்கின்றன. வரப்பில் சைக்கிளை ஏற்றாதீர்கள். படம் எடுக்க நாற்றங்காலுக்குள் கால் வைக்காதீர்கள். பெயர் தெரியாத சிறு மேட்டில் ஏறலாமா என்று சந்தேகம் வந்தால் அக்கம்பக்கத்தில் இருப்பவரிடம் 'நொபொத்தெமோ ஈ தெஸ்கா' என்று கேளுங்கள். ஏறலாமா என்று பொருள். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள், சில சமயம் பாதையும் காட்டுவார்கள். குப்பைத் தொட்டி வழியில் கிடைக்காது. ஒரு பை கொண்டுபோய்த் திருப்பி எடுத்து வாருங்கள்.

சாப்பாடு

இதைச் சொல்லாமல் விட்டால் நம் ஆட்கள் பாதி வழியில் தவிப்பார்கள். வழியில் கடைகள் குறைவு. ஒகயாமா நிலையத்திலேயே வாங்கிவிடுங்கள். சைவம் என்றால் உமெபோஷி என்ற புளிப்பு ஊறுகாய் வைத்த ஒனிகிரி (சோற்று உருண்டை) ஓரளவு பாதுகாப்பு. ஆனால் எந்தப் பொட்டலத்திலும் மீன் சாறு சேர்ந்திருக்கலாம், பின்பக்கத்தைத் தொலைபேசியில் படம் பிடித்து மொழிபெயர்த்துப் பாருங்கள். வழியில் கிடைக்கும் உதோன் நூடுல்ஸ் சைவமாகத் தெரிந்தாலும் குழம்பு பொதுவாக மீனில் கொதித்ததுதான். கிபிதாங்கோ என்ற சின்னச் சின்ன மாவு உருண்டை ஒகயாமாவின் பெயர்போன இனிப்பு. பசிக்கு ஆகாது, வாய்க்கு ஆகும். வீட்டு வாசல்களில் ஆளில்லாத காய்கறித் தட்டி இருந்தால் டப்பாவில் நூறு யென் நாணயத்தைப் போட்டுவிட்டுத் தக்காளியோ ஆரஞ்சோ எடுத்துக்கொள்ளலாம். அதற்காகச் சில்லறை வைத்திருங்கள்.

பிற்பகல்: கொமொரிஸுகாவும் சகுஸானும்

ஸோஸானில் வெளித்தோற்றம் பார்த்தோம். உள்ளே என்ன இருக்கும் என்பதற்குக் கொமொரிஸுகா. 6ஆம் நூற்றாண்டின் பிற்பாதி, நூறு மீட்டர் மேடு. பக்கவாட்டில் திறக்கும் கல்லறைக்கு நீளம் மட்டும் 19.4 மீட்டர். கம்பிக் கதவுக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். ஆகவே டார்ச் எடுத்துப் போங்கள், தொலைபேசி வெளிச்சம் உள்வரை எட்டாது. கண் பழகியதும் ஆளை மிஞ்சிய பாறைகளும், உள்ளே வீட்டுக்கூரை போன்ற மூடியுள்ள கற்பேழையும் தெரியும். பேழையின் கல்லில் சிப்பித்துண்டுகள் பதிந்திருக்கும்.

நூற்றைம்பது ஆண்டு இடைவெளியில் மாறியது என்ன என்பதையும் இங்கே கவனிக்கலாம். ஸோஸான் காலத்தில் மேட்டுக்குத்தான் உழைப்பு. இங்கே உழைப்பெல்லாம் உள்ளறைக்குப் போயிருக்கிறது. பக்கவாட்டு வாசல் வைத்ததால் பின்னால் இறப்பவர்களையும் அதே அறையில் சேர்க்க முடிந்தது. இதற்குள்ளும் ஒன்றுக்கு மேற்பட்ட பேழைகள் இருந்தன.

அடுத்து வரும் பிச்சூ கொக்குபுன்ஜி என்ற பௌத்தக் கோயிலின் ஐந்தடுக்குக் கோபுரத்தைத் தேட வேண்டியதில்லை, தூரத்திலிருந்தே தெரியும். சுமார் 34 மீட்டர், இப்போதுள்ளது 19ஆம் நூற்றாண்டுக் கட்டுமானம். எல்லோரும் இங்கே படம் எடுப்பார்கள். நீங்களும் எடுத்துக்கொண்டு நகருங்கள்.

கடைசியாகச் சகுஸான். 5ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி, 282 மீட்டர். ஆள் நடமாட்டம் குறைவு, எனக்கு ஸோஸானைவிட இதுதான் பிடிக்கும். இருந்த குன்றைச் செதுக்கி மேடாக்கியதால், சதுரப் பகுதிக்கு முன்னால் வெட்டி முடிக்காத குன்றின் மிச்சம் இன்னும் அப்படியே நிற்கிறது. காசு தீர்ந்ததோ, ஆள் தீர்ந்ததோ, இது போதும் என்று விட்டார்களோ! காலையில் பழகிய அதே வரிசையில் இங்கேயும் செய்யுங்கள்: விலகி நின்று முதுகுக்கோடு, பிறகு இடுப்பு, பிறகு அடுக்குகள். இந்தத் தடவை கால் தானாகவே இடுப்பில் போய் நிற்கும்.

அங்கிருந்து ஸோஜா நிலையம் கொஞ்ச தூரம்தான். ஆனால் ஊருக்குள் நுழைந்ததும் சைக்கிள் பாதையின் அடையாளங்கள் தெருக்களோடு கலந்துவிடும். பத்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை விட்டதும் கிபி லைனிலேயே ஒகயாமாவுக்குத் திரும்பலாம், நாற்பது நிமிடம் ஆகும். ரயிலில் ஏறுவதற்கு முன் ஷூவில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிடுங்கள்.

இன்னொரு பயணத்துக்கு ஆசை வந்தால் கியூஷூவில் மியாஸாகி மாகாணத்தின் சாய்தோபாரு. ஒரே பீடபூமியில் முந்நூறுக்கும் மேற்பட்ட கொஃபுன்கள், பக்கத்திலேயே அருங்காட்சியகம், வசந்தத்தில் மேடுகளுக்கு நடுவே கடுகுப்பூவும் செர்ரியும். அங்கே பதின்மூன்றாம் எண் மேட்டுக்குள்ளேயே போய்ப் பார்க்கலாம்.